ஓசூருக்கு வருவது துப்பாக்கித் தொழிலா, துண்டு வேலையா?

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதையாக ஒரு பேச்சு சில ஆண்டுகளாக நம் ஓசூரில் உலவி வருகிறது. ‘பாதுகாப்புத் தொழில் வழித்தடம்’ என்பது அதற்குச் சூட்டிய பெயர். 2018-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2019 ஜனவரி 20-ஆம் நாள் திருச்சியில் தொடக்க விழா நடத்தினார்கள். சென்னை, கோவை, சேலம், திருச்சி, ஓசூர் ஆகிய ஐந்து ஊர்கள் அதன் முனைகள். 2022-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வான்வெளி, பாதுகாப்புத் தொழிற்கொள்கை, 10 ஆண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீடு, 1 லட்சம் பேருக்கு வேலை என்று இலக்கு வைத்தது.

நல்லது. இலக்கு பெரிதாக இருப்பதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால், மேடை ஏறுவோர் துல்லியம் என்றால் என்ன என்று ஓசூர்த் தொழிலாளிக்குப் பாடம் நடத்துகிறார்களே, அதைக் கேட்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. யாருக்குப் பாடம்? லாரியும், மோட்டார் சைக்கிளும், கைக்கடிகாரமும் செய்து நாட்டுக்கு அனுப்பிவரும் ஊருக்கா? சிப்காட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை லேத் பட்டறையில்கூட, மைக்ரோமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞனுக்கா?

துல்லியம் இங்கே இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. வரப்போவது எப்படிப்பட்ட வேலை? கற்றுக்கொண்டு வளரும் வேலையா, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கான்ட்ராக்டர் பெயர் மாறும் வேலையா?

இந்தக் கேள்விக்கு விடை தேட, வாருங்கள் தோழர்களே, ஒரு துப்பாக்கியைக் கழற்றிப் பார்ப்போம். உலகப் போரில் பிறந்து, இன்றும் ஓய்வு பெறாமல் இருக்கும் கனரக இயந்திரத் துப்பாக்கி அது. நம் தமிழ்நாட்டுக்குள்ளும் அது வந்து சேர்ந்திருக்கிறது. அதன் கதையில் நம் ஊருக்குப் பாடம் உண்டு.

பிரௌனிங் செய்த துப்பாக்கி

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு. வானத்தில் விமானம் வந்துவிட்டது. தரையில் டாங்கி வந்துவிட்டது. சாதாரணத் தோட்டா இரண்டின் மேலும் பட்டுத் தெறித்தது. அமெரிக்கப் படைத் தலைவர் பெர்ஷிங், பெரிய தோட்டா சுடும் இயந்திரத் துப்பாக்கி வேண்டும் என்றார். அந்த வேலை ஜான் பிரௌனிங்கிடம் வந்தது. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் என்ற ஊரில், துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்த ஒருவரின் மகன் அவர். தகப்பன் பட்டறையிலேயே தொழில் கற்றவர்.

1918 அக்டோபரில் முதல் மாதிரி சுட்டுக் காட்டப்பட்டது. நவம்பரில் போர் முடிந்துவிட்டது! போருக்காகச் செய்த துப்பாக்கி போரைப் பார்க்கவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. 1926-ல் பிரௌனிங் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து கிரீன் என்ற பொறியாளர் 1927 முதல் 1932 வரை உழைத்தார். விமானத்துக்கு ஒரு துப்பாக்கி, கப்பலுக்கு ஒன்று, தரைப்படைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்வானேன் என்று அவர் எண்ணினார். உடற்பகுதி ஒன்றே, குழலையும் உறையையும் மாற்றினால் ஏழு வகைத் துப்பாக்கி. தோட்டாப் பெல்ட்டை இடப்பக்கமும் ஊட்டலாம், வலப்பக்கமும் ஊட்டலாம். 1933-ல் இதற்கு ‘எம்2’ என்று பெயர் வந்தது.

மாதிரி எழுந்ததிலிருந்து முடிந்த வடிவம் வரை 15 ஆண்டுகள்! இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கல் நாட்டிய மறு ஆண்டே ஆயுதம் புறப்படும் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

தரைப்படைக்கான கனத்த குழல் துப்பாக்கியின் எடை 38 கிலோ. முக்காலியோடு சேர்த்தால் 58 கிலோ. அரை அங்குலப் பருமனுள்ள தோட்டா, வினாடிக்கு ஏறத்தாழ 890 மீட்டர் வேகத்தில் புறப்படும். நிமிடத்துக்கு 450 முதல் 600 வரை சுடும். வேலை செய்யும் முறை எளிது. தோட்டா வெடிக்கும்போது குழலும் போல்ட்டும் பூட்டிய நிலையில், ஏறத்தாழ ஓர் அங்குல தூரம் சேர்ந்தே பின்னுக்கு வருகின்றன. அங்கே பூட்டு இறங்குகிறது. குழல் நின்றுவிட, போல்ட் மட்டும் பின்னே பாய்ந்து காலிக் கூட்டை இழுத்து எறிந்து, அடுத்த தோட்டாவைப் பற்றிக்கொண்டு திரும்புகிறது. வெடிப்பின் உதைப்பே அடுத்த சுற்றுக்குச் சக்தி.

நாலு தவ்

இனி நம் டர்னர் தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம். இந்தத் துப்பாக்கியில் சூடேறிய குழலைக் கழற்றி வேறு குழல் மாட்டும்போதெல்லாம், போல்ட்டின் முகத்துக்கும் குழலில் அமர்ந்த தோட்டாவின் அடிக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரி பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கேஜ் உண்டு. ஒரு முனை 0.202 அங்குலம், அது நுழைய வேண்டும். மறு முனை 0.206 அங்குலம், அது நுழையக் கூடாது. வித்தியாசம் 4 தவ். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி அதற்குக் குறைந்தால், துப்பாக்கி முழுமையாகப் பூட்டாது, சரியாகச் சுடாது. அதற்கு மிகுந்தால், தோட்டாக் கூடு உள்ளேயே கிழிந்து வெடித்துச் சுடுகிறவனையே காயப்படுத்தும். எதிரி சுட வேண்டியதில்லை, சொந்தத் துப்பாக்கியே போதும்!

இந்த நாலு தவ்வுக்குள் பொருளைக் கொண்டுவந்து நிறுத்துவது யார்? தளபதியா? அமைச்சரா? பங்கு வாங்கியவரா? லேத்திலும் மில்லிங்கிலும் கிரைண்டிங்கிலும் நின்றவன். சூடு பதம் பார்த்தவன். கேஜைக் கையில் எடுத்து, “இது ஆகாது, தள்ளு” என்று சொல்லும் தைரியம் உள்ளவன். அந்தக் கடைசிச் சொல்லை மறக்கக் கூடாது. “ஆகாது” என்று சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்று பயப்படுகிறவன் எப்படி அந்தச் சொல்லைச் சொல்வான்?

பிளக் கம்பெனி செய்த போர்

இரண்டாம் உலகப் போர் வந்தது. எம்2 துப்பாக்கி லட்சக்கணக்கில் வேண்டியிருந்தது. அதுவரை செய்துவந்த கோல்ட் கம்பெனி ஒன்றால் முடிகிற காரியமா? அமெரிக்க அரசு யாரைத் தேடிப் போயிற்று தெரியுமா? மோட்டாருக்கு ஸ்பார்க் பிளக் செய்யும் ஏ.சி. தொழிற்சாலையை! குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஃபிரிஜிடேர் தொழிற்சாலையை! நேற்று வரை பிளக் திருகியவர்களும் பெட்டிக்குக் கதவு மாட்டியவர்களும் துப்பாக்கி செய்தார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆயிரக்கணக்கான பெண்கள் போர்த் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் முன் நின்றார்கள். போர்க் காலத்தில் எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 20 லட்சம் துப்பாக்கிகள் வெளியே வந்தன.

ஒரு தொழிற்சாலை செய்த உறுப்பு, மற்றொரு தொழிற்சாலை செய்த துப்பாக்கியில் பொருந்த வேண்டும். போர்முனையில் அரம் வைத்து ராவிக்கொண்டிருக்க நேரம் இல்லை. எனவே எல்லாருக்கும் ஒரே வரைபடம், ஒரே கேஜ் அளவு. வடிவத்தின் மேல் அரசுக்குப் பிடி இருந்ததால்தான் ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் அது அடைபட்டுக் கிடக்கவில்லை. இது முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் நடந்தது, தோழர்களே! அவசரம் வந்தபோது, அறிவைப் பூட்டி வைத்தால் தோற்றுப் போவோம் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அந்தத் துப்பாக்கி எங்கெல்லாம் போயிற்று? பி-17ஜி குண்டுவீச்சு விமானத்தில் 13. பி-47 போர் விமானத்தில் 8. பி-51டி விமானத்தில் 6. டாங்கியின் தலையில், கப்பலின் தளத்தில், லாரியின் கூரையில் எல்லாம் அது நின்றது. 1945 ஜனவரி 26-ஆம் நாள், பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் கிராமத்தருகே, ஆடி மர்ஃபி என்ற இளம் அதிகாரி, தீப்பிடித்து எரியும் கவச வண்டியின் மேல் ஏறி, அதிலிருந்த இதே துப்பாக்கியால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஜெர்மன் படையைத் தடுத்தான். டெக்சாஸில் பருத்தி பயிரிட்ட ஏழைக் குத்தகைக் குடும்பத்துப் பிள்ளை அவன். அவனுக்கு நாட்டின் உயர்ந்த பதக்கம் கிடைத்தது. சரியே. அந்த ஒரு மணி நேரம் சிக்காமல் சுட்ட துப்பாக்கியின் உறுப்புகளைக் கேஜில் வைத்துப் பார்த்த தொழிலாளியின் பெயர் என்ன? எந்த ஏட்டிலும் இல்லை.

நம் எல்லைக்கு அப்பால்

இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாக 40 கிலோமீட்டர் போனால் பெங்களூர். அன்று அது மைசூர் சமஸ்தானம். ஓசூர் அன்று சேலம் ஜில்லா. 1940 டிசம்பரில் அங்கே இந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி தொடங்கியது. 1943-ல் அதை அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் விட்டார்கள். பர்மா, சீனப் போர்முனைகளுக்குப் பறந்த விமானங்கள் பழுது பார்க்க அங்கே வந்து இறங்கின. கேட்டலினா கடல் விமானமும் வந்தது, மிட்செல் பி-25 குண்டுவீச்சு விமானமும் வந்தது. அவை ஏந்தி நின்றது இதே அரை அங்குல பிரௌனிங் துப்பாக்கிதான்.

போர் முடிந்தது. அமெரிக்கர்கள் போனார்கள். கை நிறையத் தொழில் கற்றவர்கள் இங்கே இருந்தார்கள். தொழிற்சாலை அரசின் கையில் இருந்ததால் கலைந்து போகவில்லை. இன்றைய எச்.ஏ.எல். அதுதான். அதைச் சுற்றி மற்றப் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. அவற்றைச் சுற்றிப் பட்டறைகள் எழுந்தன. 1970-களில் ஓசூரில் சிப்காட் எழுந்தபோது, பக்கத்திலேயே தேர்ந்த கைகளின் ஊர் ஒன்று இருந்தது என்பது சிறிய உதவியா? போர் போனாலும் தொழில் தங்கியது. தங்க வைத்தது நிரந்தர வேலை.

திருச்சிக்கு வந்த துப்பாக்கி

இனி நம் மாநிலத்துக்குள் வருவோம். 1962 போருக்குப் பின், 1966-ல் திருச்சியில் படைக்கலத் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே 12.7 மில்லிமீட்டர் ‘என்.எஸ்.வி.’ கனரக இயந்திரத் துப்பாக்கி செய்யப்படுகிறது. டி-72 டாங்கியின் மேல் வானத்தைப் பார்த்து நிற்பது அந்த வகைதான். அந்த டாங்கியைச் செய்தது நம் ஆவடி. என்.எஸ்.வி.யின் பரம்பரை சோவியத் நாட்டுப் பரம்பரை. துலா நகரத் தொழிற்சாலையில் 11 வயதில் வேலைக்குச் சேர்ந்த தெக்தியார்யோவ் செய்த துப்பாக்கிக்கு, ஷ்பாகின் பெல்ட் ஊட்டும் அமைப்பைச் சேர்த்தார்; ‘டி.எஸ்.எச்.கே.’ என்ற அது, நாஜிகளின் விமானங்களைச் சுட்டுத் தள்ளியது. அதற்குப் பின்வந்தது நிகிதின், சொகலோவ், வோல்கோவ் ஆகிய மூவர் பெயரைத் தாங்கிய என்.எஸ்.வி.; எடை 25 கிலோ.

பிரௌனிங் பரம்பரையும் திருச்சிக்கு வந்தது. எம்2 துப்பாக்கியைப் பொருத்தி, பகலிலும் இரவிலும் பார்க்கும் கருவிகளோடு, தூரத்தில் உட்கார்ந்தபடியே இயக்கும் பீடம் அது. இஸ்ரேலின் எல்பிட் கம்பெனியின் தொழில்நுட்பத்தைப் பெற்றுச் செய்தார்கள். 2021-ல் கடற்படைக்கு 15, கடலோரக் காவல் படைக்கு 10 என்று 25 பீடங்களைத் திருச்சி கொடுத்தது.

திருச்சித் தொழிலாளியின் திறமையை நாம் போற்றுகிறோம். ஆனால் வரைபடம் யாருடையது? ஒன்று மாஸ்கோவிலிருந்து வந்தது. மற்றொன்று இஸ்ரேல் வழியாக வந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியக் கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இரவல் வாங்குவது குற்றம் அல்ல; வாங்கிய சேலையைப் பார்த்துத் தறி போடக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதுதான் குற்றம். அதைக் கற்றுக்கொள்ளக் கூடிய இடம் அரசின் படைக்கலத் தொழிற்சாலைதான்.

அந்தத் தொழிற்சாலைகளை என்ன செய்தார்கள்? 2021 ஜூன் 30-ஆம் நாள், படைக்கல உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றத்தில் சட்டமாயிற்று. அக்டோபர் 1-ஆம் நாள் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, 41 தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். திருச்சித் தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போயிற்று. அதே திருச்சியில் உள்ள வெடிபொருள் சார்ந்த தொழிற்சாலை வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. இவை அரசின் கம்பெனிகள்தாம், தனியாருக்கு விற்கவில்லை என்கிறார்கள். சரி. ஆனால் முதலில் வாயைக் கட்டிவிட்டு, பிறகு வீட்டைப் பிரித்தார்களே, அந்த வரிசையைத் தொழிலாளி கவனித்தான்.

ஓசூர் என்ன கேட்க வேண்டும்?

வழித்தடம் என்றால் என்ன? நிலம், சாலை, மின்சாரம், வரிச் சலுகை இவற்றோடு முடிந்துவிடுகிறதா? எம்2-வின் கதை சொல்வது வேறு. வரைபடம், கேஜ், டூல் ரூம், பழகிய கை, நிலையான ஆர்டர் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் துப்பாக்கித் தொழில். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஓசூரில் பழகிய கை உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் கை அது. தர்மபுரியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் ஐ.டி.ஐ. சான்றிதழோடு பஸ் ஏறி வந்த கை. வடநாட்டிலிருந்து ரயிலேறி வந்து, பேகேபள்ளியில் ஓர் அறையில் பலராகத் தங்கும் கை. ஆனால் அந்தக் கைகளில் எத்தனை நிரந்தரம்? அப்ரண்டிஸ் என்ற பெயரில் ஓராண்டு, பயிற்சியாளர் என்ற பெயரில் ஓராண்டு, பிறகு கான்ட்ராக்டு, அப்புறம் கேட்டுக்கு வெளியே. எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லி நாம் குறை கூறவில்லை. இந்த வழக்கத்தைத்தான் சொல்கிறோம். நாலு தவ் நிதானம் கையில் வர ஆண்டுகள் ஆகும். அது வந்த நாளில் அவனை வெளியே அனுப்பினால், நஷ்டம் அவனுக்கு மட்டுமா? அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கப் போகும் சிப்பாய்க்கும் சேர்த்துத்தான்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளை வாங்க லட்சம் பேர் உண்டு. இயந்திரத் துப்பாக்கியை வாங்க அரசு ஒன்றுதான் உண்டு. ஆர்டர் வந்தால் மூன்று ஷிப்டு. ஆர்டர் நின்றால் பூட்டு. 1945-ல் போர் முடிந்ததும் அமெரிக்காவில் ஆர்டர்கள் ரத்தாயின. பிளக் கம்பெனி பிளக்குக்குத் திரும்பியது. திரும்பிப் போக அதற்குப் பழைய தொழில் இருந்தது. கடன் வாங்கிப் பாதுகாப்பு வேலைக்கென்றே புது மிஷின் போடும் நம் சிறு பட்டறைக்காரருக்குத் திரும்பிப் போக இடம் உண்டா?

ஆகவே நாம் கேட்பவை இவை. சோதிக்கும் வேலையும் துல்லிய வேலையும் கான்ட்ராக்டுக்கு விடப்படக் கூடாது. சலுகை பெறும் ஒவ்வொரு கம்பெனியும், சலுகைக்கு ஈடாக நிரந்தர வேலைக் கணக்கைக் காட்ட வேண்டும். திருச்சித் தொழிற்சாலை தாய்ப் பட்டறையாக இருந்து, வரைபடமும் கேஜும் பயிற்சியும் ஓசூர்ப் பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஆர்டர் ஓராண்டுக்கு அல்ல, பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வர வேண்டும். செய்து கொடுத்த பொருளுக்குப் பணம் தவணை தப்பாமல் வர வேண்டும். சங்கம் வைக்கும் உரிமையில் யாரும் கை வைக்கக் கூடாது. “ஆகாது” என்று சொல்லும் தொழிலாளிக்குத் துணை நிற்பது சங்கம்தான்.

போரை விரும்பி நாம் இதை எழுதவில்லை. துப்பாக்கி மனிதனைக் கொல்லும் பொருள். அது சுடாமல் கிடக்கும் நாளே நல்ல நாள். ஆனால் நாட்டின் எல்லையில் நிற்பவன் நம் வீட்டுப் பிள்ளை. பழுதான துப்பாக்கியை அவன் கையில் கொடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

ஓசூருக்கு ராணுவத்தோடு உறவு புதிதல்ல. 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் படைக்குக் குதிரை வளர்க்க மத்திகிரியில் பண்ணை வைத்தது. குதிரைகள் எங்கெங்கோ போருக்குப் போயின. அவற்றுக்குப் புல் அறுத்துப் போட்டவன் என்ன பெற்றான்? யாருக்குத் தெரியும்! 200 ஆண்டு கழித்து மீண்டும் ஒரு படைத் தொழில் நம் ஊர்க் கதவைத் தட்டுகிறது. இந்த முறையும் புல் அறுக்கிறவர்களாகவே நாம் நிற்கப் போகிறோமா? சிப்காட் கேட்டில் ஷிப்டு மாறும் நேரத்தில், தோழர்களே, இதைப் பற்றிப் பேசுங்கள்.